தம்பர் ரயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்குத் தெற்கே குரோய்டன் பக்கம் நான் குடியிருந்தபோது, தம்பர் ரயில்களின் கடைசி ஐந்தாறு வருடங்கள் எனக்குக் கிடைத்தன. வேலை இல்லாத சனிக்கிழமைகளில் ஆக்ஸ்டெட் போய், அங்கிருந்து அக்ஃபீல்ட் வண்டி பிடிப்பேன். அக்ஃபீல்டில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அந்த வண்டியில் உட்கார்ந்து வருவதற்காகவே போவேன். அன்றிலிருந்து ரயில் பிரியர்களான நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தம்பர் என்றால் எந்த ரயில்?

பிரிட்டிஷ் ரயில்வேயின் தெற்கு மண்டலத்துக்காக 1957 முதல் 1962 வரை ஈஸ்ட்லீ பணிமனையில் கட்டிய டீசல்-எலக்ட்ரிக் பயணிகள் ரயில்களைத்தான் மக்கள் தம்பர் என்று அழைத்தார்கள். தனி இன்ஜின் கிடையாது. சேர்ந்தே ஓடும் சில பெட்டிகளின் தொகுப்பை செட் என்பார்கள். அதன் ஒரு முனையிலுள்ள பெட்டிக்குள்ளேயே டீசல் இன்ஜின் இருக்கும். இரண்டு முனையிலும் டிரைவர் அறை உண்டு.

இதில் பல கிளாஸ்கள், அதாவது வகைகள், இருக்கின்றன. ஹாம்ப்ஷயர் மாவட்டத்துக்காகச் செய்த கிளாஸ் 205 மொத்தம் 33 செட். ஆக்ஸ்டெட் பாதைக்காக 1962-ல் வந்த கிளாஸ் 207 மொத்தம் 19 செட். ஹேஸ்டிங்ஸ் பாதைக்காக ஒடுக்கமாகக் கட்டிய ஆறு பெட்டி செட்டுகள் 201, 202, 203 என்று மூன்று கிளாஸ். இவற்றிலிருந்து பெட்டிகளை எடுத்துச் சேர்த்த கிளாஸ் 206-ம் உண்டு. இந்த எண்கள் எல்லாம் பின்னாளில் கொடுத்தவை. அதற்கு முன் 205-ஐ '3ஹெச்' என்பார்கள். மூன்று பெட்டி, ஹாம்ப்ஷயர். வெறுமனே தம்பர் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் 205-ஐயோ 207-ஐயோதான் சொல்கிறார்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது?

சத்தத்தால் வந்தது. 'தம்ப்' என்றால் ஆங்கிலத்தில் கனமாகக் குத்துவது. நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் 'திம்திம் வண்டி' என்றிருப்போம்.

வயல் பக்கம் பழைய டீசல் பம்ப்செட் ஓடியதைக் கேட்டவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். அது கார் இன்ஜின் போல ரீங்காரம் போடாது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும், நாலு வயல் தாண்டியும் கேட்கும். தம்பரின் இன்ஜினும் அந்தக் குணம்தான், ஆனால் பல மடங்கு பெரியது. இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 4எஸ்ஆர்கேடி என்ற இன்ஜின் அது. நாலே சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 10 அங்குலம், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 12 அங்குலம். ஒரு சோற்றுப் பானையை மனதில் வைத்துக்கொண்டால் பிஸ்டனின் அளவு பிடிபடும். டர்போசார்ஜர் சேர்த்து 600 குதிரைத்திறன். ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு 500.

முழு வேகத்திலேயே நிமிடத்துக்கு 850 சுற்றுதான். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் கணக்குப் போட்டால் வினாடிக்கு 28 அடி. அதே காலத்தில் இங்கிலாந்தின் மற்ற பகுதிகளில் ஓடிய டீசல் வண்டிகளில் 1,800 சுற்றில் ஓடும் ஆறு சிலிண்டர் பஸ் இன்ஜின்கள் இருந்தன. அவற்றுக்கு வினாடிக்கு 90 அடி. 90 அடி விழும்போது காதுக்கு அது ஒரே இரைச்சல். 28 அடியில் உடம்பு அதிர்வைத் தனியாக உணர்கிறது. வண்டி நிற்கும்போது இன்ஜின் இன்னும் மெதுவாக ஓடும். அப்போது எண்ணிவிடலாம் போலவே இருக்கும்.

ஆக்ஸ்டெட்டில் அக்ஃபீல்ட் வண்டி, தண்டவாளம் முடிந்துவிடும் ஒரு முட்டுப் பிளாட்ஃபாரத்தில் நிற்கும். லண்டனிலிருந்து வந்த மின்ரயிலில் இறங்கிப் போய் உட்காருவேன். ஜன்னல் சட்டம் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும், கையை வைத்தால் தெரியும். கார்டு விசில் ஊதியதும் முதலில் சத்தம்தான் ஏறும். திம்திம் என்பது வேகமெடுத்து, கண்ணாடி எல்லாம் கடகடவென்று ஆடி, அப்புறம்தான் வண்டி நகரும். அந்த இரண்டு மூன்று வினாடிகளுக்காகவே திரும்பத் திரும்பப் போனேன்.

டீசல்-எலக்ட்ரிக் என்றால்? நம் ஊர் டெமு மாதிரியா?

ஆமாம், அடிப்படை ஒன்றுதான். டீசல் இன்ஜின் சக்கரத்தை நேராகச் சுற்றாது. ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் சக்கரத்துக்கு அருகிலுள்ள டிராக்‌ஷன் மோட்டார்கள் சுழலும். தம்பரில் அப்படி இரண்டு மோட்டார், ஒவ்வொன்றும் 250 குதிரைத்திறன். தெற்கு மண்டலத்தின் மின்ரயில்களில் இருந்த அதே ரக மோட்டார்கள்தான் இவை.

பெரம்பூர் ஐசிஎஃப்-பில் கட்டிய டெமுவில் ஏறியவர்களுக்கு முன் பெட்டி நினைவிருக்கும். டிரைவர் அறைக்குப் பின்னால் இன்ஜின் அறை, அதற்குப் பின்னால்தான் பயணிகள். தம்பரிலும் அதே வரிசை. அதனால் அந்த ஒரு பெட்டி மட்டும் 50 டன்னுக்கு மேல் எடை. இருக்கைகளும் குறைவு. இன்ஜின் அறையை ஒட்டி கார்டும் சாமான்களும்.

தெற்கு மண்டலம் முழுக்க மின்ரயில் ஆயிற்றே, டீசல் எதற்கு?

இந்த ரயிலின் கதையே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

லண்டனுக்குத் தெற்கே தண்டவாளத்தின் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு மின்தண்டவாளம் போட்டு ரயில் ஓட்டுவார்கள். இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் இது வேகமாகப் பரவியது. பிரைட்டனுக்கு 1933-ல் வந்தது, போர்ட்ஸ்மத்துக்கு 1937-ல். அப்புறம் போர். போருக்குப் பின் பணத்தட்டுப்பாடு. மின்மயமான பெரிய பாதைகளுக்கு நடுவே நிறையச் சின்னப் பாதைகள் நீராவியிலேயே மாட்டிக்கொண்டன. எல்லாவற்றுக்கும் மின்தண்டவாளம் போடப் பணம் இல்லை, நீராவியைத் தொடரவும் விருப்பமில்லை. அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்ததுதான் தம்பர். மின்சாரம் வரும்வரைக்கும் ஓடினால் போதும் என்ற நிலையில் வந்த வண்டி, 47 வருடம் ஓடியது.

1957-ல் ஹாம்ப்ஷயரில் இறங்கியபோது இவை இரண்டு பெட்டி செட்டுகள்தான். மணிக்கொரு வண்டி என்று சீரான நேர அட்டவணை போட்டார்கள். புகை கிடையாது, கரி கிடையாது, கடைசி நிலையத்தில் இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலையும் கிடையாது. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்ததால் 1959-ல் நடுவில் ஒரு பெட்டி சேர்க்க வேண்டியதாயிற்று. இன்ஜின் மட்டும் ஒன்றேதான்.

மற்ற மண்டலங்களைப் போல தரைக்குக் கீழே இன்ஜின் வைத்திருந்தால் இடம் மிச்சமாகியிருக்குமே?

இருக்கைக்கு இடம் மிச்சமாகியிருக்கும், சரி. ஆனால் தெற்கு மண்டலத்தின் தொழிலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் மோட்டாரும் மின்கட்டுப்பாடும் கைவந்த கலை. கியர்பெட்டியும் பஸ் இன்ஜினும் புதுசு. அதனால் தங்களுக்குத் தெரிந்த மின்ரயிலையே எடுத்து, உள்ளே ஒரு மின்நிலையத்தை வைத்துவிட்டார்கள். பெட்டியின் கூடும் அதே ஈஸ்ட்லீயில் மின்ரயில்களுக்காகச் செய்துவந்த வடிவம்தான். பெரிய இன்ஜின் ஒன்று, மெதுவாக ஓடுவது, எழுந்து நின்று வேலை பார்க்க இடம் உள்ளது. நாலு சிறிய இன்ஜின்களுக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். இவ்வளவு காலம் இவை தாங்கியதற்கு இந்த முடிவுதான் முதல் காரணம் என்பது என் கருத்து.

ஹேஸ்டிங்ஸ் வண்டிகள் மட்டும் ஏன் அவ்வளவு ஒடுக்கம்?

நூறு வருடத்துக்கு முன் ஒப்பந்தக்காரர்கள் செய்த வேலையால். டன்பிரிட்ஜிலிருந்து ஹேஸ்டிங்ஸ் போகும் பாதையை 1850-களின் தொடக்கத்தில் திறந்தார்கள். சுரங்கங்களின் உள்சுவருக்கு எத்தனை அடுக்குச் செங்கல் வைக்க வேண்டுமோ அத்தனை வைக்காமல், குறைத்து வைத்துவிட்டுக் காசு வாங்கிவிட்டார்கள். சில வருடங்களில் குட்டு வெளிப்பட்டது. சுரங்கத்தை வெட்டிப் பெரிதாக்கினால் செலவு அதிகம் என்பதால், ரயில்வே நிறுவனம் குறைந்த செங்கல் அடுக்குகளை உள்பக்கமாகச் சேர்த்துக் கட்டியது. துளை சிறுத்துப்போனது. இரட்டைப் பாதையில் சாதாரண அகலமுள்ள பெட்டிகள் எதிரெதிரே போக முடியாது.

அதிலிருந்து அந்தப் பாதைக்கென்றே ஒல்லிப் பெட்டிகள் கட்டினார்கள். நீராவிக் காலத்திலும் அப்படித்தான், 1957-58-ல் வந்த டீசல் செட்டுகளும் அப்படித்தான். அகலம் 8 அடிக்குச் சற்று மேல். பக்கச் சுவர் நேர்செங்குத்தாக, தட்டையாக இருக்கும். மொத்தம் 23 செட், ஒவ்வொன்றும் ஆறு பெட்டி, இரண்டு முனையிலும் இன்ஜின். ஏழு செட்டுகளில் சிற்றுண்டிப் பெட்டிகூட இருந்தது. 1986-ல் இந்தப் பாதை மின்மயமானபோது, ஒடுங்கிய சுரங்கங்களுக்குள் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, வண்டியை நடுவில் விட்டுப் பிரச்சினையைத் தீர்த்தார்கள்.

தலைப்பிரட்டை என்று ஒரு வண்டி இருந்ததாமே?

இருந்தது, அதுதான் கிளாஸ் 206. ரெடிங்கிலிருந்து ரெட்ஹில் வழியாக டன்பிரிட்ஜ் போகும் பாதைக்கு 1960-களின் நடுவில் அவசரமாக வண்டி தேவைப்பட்டது. மூன்று ஹேஸ்டிங்ஸ் செட்டுகளைப் பிரித்து, இரண்டு ஒல்லிப் பெட்டிகளோடு மின்ரயிலின் அகலமான டிரைவர் பெட்டி ஒன்றைக் கோத்து, ஆறு செட் தயாரித்தார்கள். ஒரு முனை அகலம், மீதி ஒடுக்கம். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டாவது பெட்டிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் சுவர் படியாக உள்வாங்கும். தலை பெருத்து வால் சிறுத்திருந்ததால் தலைப்பிரட்டை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குளத்தில் பார்த்த எவருக்கும் அது பொருத்தமான பெயர் என்று தெரியும்.

உள்ளே எப்படி இருக்கும்?

205-ல் ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர் உட்காரும் இருக்கை. மெத்தை ஆழமாக இருக்கும், வில்கள் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு இருக்கைப் பகுதிக்கும் பக்கத்திலேயே ஒரு கதவு. கைப்பிடியைத் திருப்பித் திறக்க வேண்டும், இழுத்து அறைந்து சாத்த வேண்டும். நிலையத்தில் வண்டி நிற்கும் முன்னே பழகின ஆட்கள் கதவைத் திறந்து இறங்கத் தயாராகிவிடுவார்கள். புறப்படும்போது முன்னிருந்து பின்வரை தடால், தடால் என்று வரிசையாகக் கதவு சாத்தும் சத்தம் வரும். அப்புறம் விசில்.

புதிதாக ஏறுபவர்களிடம் பழையவர்கள் சொல்லும் ஒரு அறிவுரை உண்டு: கழிவறை இன்ஜினுக்கு எதிர்முனைப் பெட்டியில் மட்டும்தான், 205-ல் பெட்டிக்குப் பெட்டி போக வழி கிடையாது, யோசித்து ஏறு. பின்னாளில் சில செட்டுகளில் வழி வைத்தார்கள்.

வேகம்?

உச்சம் 75 மைல், அதாவது சுமார் 120 கிலோமீட்டர். ஆனால் மூன்று பெட்டிக்கு 600 குதிரைத்திறன் என்றால் அந்த உச்சத்தைத் தொட நிறைய நேரம் வேண்டும். மழைநாளில் அக்ஃபீல்ட் பாதையின் குரோபரோ ஏற்றத்தில் இன்ஜின் முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருக்கும், வெளியே வேலிக்கம்பங்கள் நிதானமாகப் போகும். இறக்கத்தில் நன்றாகவே ஓடும்.

விபத்துகள் நடந்ததா?

இரண்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1967 நவம்பர் 5, ஞாயிறு இரவு. ஹேஸ்டிங்ஸிலிருந்து லண்டன் சேரிங் கிராஸ் வந்த வண்டி, ஹிதர் கிரீன் அருகே தண்டவாளம் முறிந்ததில் தடம் புரண்டது. 49 பேர் இறந்தார்கள். பீ ஜீஸ் இசைக்குழுவின் ராபின் கிப் அந்த வண்டியில் இருந்து உயிர் தப்பினார். தவறு தண்டவாளத்தின் பராமரிப்பில் இருந்தது, வண்டியில் இல்லை.

இரண்டாவது, நான் பயணம் செய்த அதே அக்ஃபீல்ட் பாதையில் நடந்தது. செலவைக் குறைக்க 1990-ல் அந்தப் பாதையின் ஒரு பகுதியை ஒற்றைத் தண்டவாளம் ஆக்கியிருந்தார்கள். 1994 அக்டோபர் 15 காலை, மூடுபனி. ஒரு வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டி ஒற்றைப் பாதைக்குள் போய்விட்டது. எதிரே இன்னொரு வண்டி வந்துகொண்டிருந்தது. சிக்னல்காரருக்கு நிலைமை தெரிந்தது, ஆனால் டிரைவர்களுக்குச் சொல்ல வண்டிகளில் ரேடியோ இல்லை. கௌடன் அருகே இரண்டு தம்பர்களும் நேருக்கு நேர் மோதின. இரண்டு டிரைவர்கள் உட்பட ஐந்து பேர் போனார்கள். ஒற்றைப் பாதை ஆக்கியதில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு சிறு பங்கையாவது ரேடியோவுக்குச் செலவழித்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்றும் உண்டு. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவேன்.

எந்தெந்தப் பாதைகளில் ஓடின? எப்போது நின்றன?

பெரும்பாலான பாதைகளில் இரண்டில் ஒன்று நடந்தது. பாதையை மூடினார்கள், அல்லது மின்சாரம் வந்தது. ஃபாலி கிளைப்பாதையில் பயணிகள் சேவை 1966-ல் நின்றது. லூயிஸ்–அக்ஃபீல்ட் 1969-ல், ஆல்டன்–வின்செஸ்டர் 1973-ல், டன்பிரிட்ஜ் வெல்ஸ் மேற்கு–எரிட்ஜ் 1985-ல் மூடப்பட்டன. மறுபக்கம், ஹேஸ்டிங்ஸ் 1986-ல் மின்மயம், ஈஸ்ட் கிரின்ஸ்டெட் 1987-ல், போர்ட்ஸ்மத்–சவுத்தாம்ப்டன் 1990-ல்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு: அக்ஃபீல்ட் பாதையும், ஆஷ்ஃபோர்டிலிருந்து ரை வழியாக ஹேஸ்டிங்ஸ் போகும் மார்ஷ்லிங்க் பாதையும். இந்த இரண்டுக்கும் இன்றுவரை மின்தண்டவாளம் வரவில்லை. தம்பரை வரவழைத்த அதே இடைவெளி அங்கே அப்படியே இருக்கிறது, இன்னும் டீசல்தான் ஓடுகிறது.

அப்படியானால் 2004-ல் ஏன் நிறுத்தினார்கள்?

இன்ஜின் ஓய்ந்துபோனதால் நிறுத்தவில்லை. பெட்டியின் கட்டுமானம் காரணம். மார்க் 1 எனப்படும் அந்தக் காலப் பெட்டிகளில் கீழே கனமான சட்டம், மேலே தனியாக உட்கார்த்திய கூடு. மோதலில் ஒரு பெட்டியின் சட்டம் அடுத்ததன் மேல் ஏறி, கூட்டைச் சீவிவிடும். 1988 டிசம்பரில் கிளாப்பம் சந்திப்பு விபத்தில் 35 பேர் இறந்தபின் இதைப் பற்றிய கவலை கூடியது. 1999-ல் வந்த பாதுகாப்பு விதிகள், சில விதிவிலக்குகள் தவிர, மார்க் 1 பெட்டிகள் 2004 முடிவுக்குள் போக வேண்டும் என்றன. கையால் சாத்தும் கதவுகளுக்கும் அதுவே கெடு.

டெர்பியில் கட்டிய கிளாஸ் 171 டர்போஸ்டார் வண்டிகள் வந்தன. ஏசி உண்டு, தானியங்கிக் கதவு உண்டு, பெட்டிக்குப் பெட்டி நடக்கலாம். அந்த முடிவு சரியானது. கௌடனை நினைத்தால் வேறு பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் தம்பரின் கடைசி வாரங்களில் கையில் ரெக்கார்டரோடு பிளாட்ஃபாரத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

இதே இன்ஜின் வேறு எங்காவது ஓடியதா?

வட அயர்லாந்தில் ஓடியது. அங்கே 70 கிளாஸ் (1966), 80 கிளாஸ் (1974) வண்டிகளில் இதே 4எஸ்ஆர்கேடி-தான். 70 கிளாஸைக் கழித்தபோது அதன் இன்ஜின்களை எடுத்து 1980-களில் 450 கிளாஸ் என்ற புது வண்டிகளுக்குள் வைத்தார்கள். அவை 2012 வரை ஓடின. பிரிட்டன் முழுக்க யார்டுகளில் பெட்டிகளைத் தள்ளும் கிளாஸ் 08 ஷண்டரின் ஆறு சிலிண்டர் இன்ஜினும் இதே குடும்பம், அதே 10-க்கு 12 அங்குல சிலிண்டர்.

இங்கிலீஷ் எலக்ட்ரிக்கின் பெயர் இலங்கை வாசகர்களுக்கும் பழக்கமானதாக இருக்கலாம். சிலோன் ரயில்வே 1938-ல் இறக்கிய முதல் டீசல் ரயில் செட்டுகளான சில்வர் ஃபோம், சில்வர் மிஸ்ட், சில்வர் ஸ்ப்ரே மூன்றும் அந்த நிறுவனம் செய்தவை.

இப்போது எங்கே பார்க்கலாம்?

பாதுகாத்து வைத்த செட்டுகள் பல உண்டு. ஆல்டனிலிருந்து போகும் வாட்டர்கிரெஸ் பாதையிடம் 205 வகையின் 1125 இருக்கிறது. அந்தப் பாதையே தம்பர் ஓடி, 1973-ல் மூடி, பிறகு ஆர்வலர்கள் மீட்டதுதான். டன்பிரிட்ஜ் வெல்ஸிலிருந்து எரிட்ஜ் போகும் ஸ்பா வேலி பாதையிடம் 207 வகையின் 1317 இருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் டீசல்ஸ் என்ற அமைப்பு 1001 என்ற செட்டை முதன்மைப் பாதையிலேயே சுற்றுலா வண்டியாக ஓட்டுகிறது. எல்லா நாளும் டீசல் ஓடாது. டீசல் நாட்களின் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

போனால் இன்ஜின் பெட்டியிலேயே ஏறுங்கள். பயணிகள் பகுதியில் இன்ஜின் அறைப் பக்கமாக, ஜன்னலோரம். ஜன்னலை இறக்கிவிட்டு, வண்டி கிளம்பும்முன் உள்ளங்கையைச் சட்டத்தில் வையுங்கள்.